பசுவின் குளம்பும் இனவிருத்தியின் அறமும்

உயர்கறவைப் பசுக்களைப் பண்ணையிலிருந்து கழிப்பதற்கான காரணங்களில் சினைப்பிடிக்காமைக்கும் மடிநோய்க்கும் அடுத்து வருவது கால் நொண்டல். நொண்டும் பசுக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு குளம்பில்தான் இருக்கும். அதிலும் பின்னங்கால்களின் வெளிப்புறக் குளம்பில். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஹோல்ஸ்டீன் மந்தைகளில் நடந்த பல கணக்கெடுப்புகளில், எந்த ஒரு நாளில் பார்த்தாலும் ஐந்தில் ஒரு பசுவோ நான்கில் ஒரு பசுவோ நொண்டுவது தெரியவந்திருக்கிறது. நோய்க்கு எளிதில் ஆட்படாத குளம்பை மரபிலேயே தேடி எடுக்கும் முயற்சி இந்த நிலையிலிருந்து பிறந்தது. அம்முயற்சி பலன் தருமா என்பது கால்நடை அறிவியலின் கேள்வி. விலங்கின் உடலை இப்படி மாற்றுவது தகுமா, தகுமென்றால் எந்த வரம்புக்குள் என்பது மெய்யியலின் கேள்வி. நோய் எப்படி வருகிறது என்று தெரியாமல் அதன் பொறுப்பு யாருடையது என்று பேச முடியாது. ஆகவே முதலில் குளம்பு.

குளம்புநோய்கள் இரு பெரும் வகை. ஒன்று தொற்றால் வருவது. இத்தாலியில் கெலி, மோர்தெல்லாரோ என்ற இருவர் 1974-இல் முதன்முதலாக விவரித்த குளம்புத்தோல் அழற்சி இவ்வகையில் முக்கியமானது. குளம்புக்குச் சற்று மேலே, குதிப்பக்கத் தோலில் சிவந்த புண் தோன்றும்; தொட்டால் பசு காலை உதறும். திரெபொனீமா என்ற சுருள் பாக்டீரியாக்கள் இதன் முக்கியக் காரணிகள். சாணமும் மூத்திரமும் கலந்த குழம்பில் நாள் முழுதும் நிற்கும் காலின் தோல் ஊறி நைந்துபோக, அவை உள்ளே இறங்கிவிடுகின்றன.

மற்றது உடலின் எடை உடலையே நசுக்குவதால் வருவது. குளம்புக் கூட்டுக்குள் கடைசி விரலெலும்பு இழைகளால் கட்டுண்டு தொங்குகிறது. அதற்கும் அடிக்குளம்புக்கும் நடுவில் கொழுப்பு செறிந்த மெத்தை ஒன்று உண்டு. கன்று ஈனும் பருவத்தில் எலும்பைத் தாங்கும் இழைகள் தளர்கின்றன. ஈன்ற பிறகு பால் பெருகும் வாரங்களில், தின்னும் தீவனத்தால் ஈடுகட்ட முடியாத அளவுக்குப் பசு கறக்கிறது. உடலின் கொழுப்பு கரைகிறது. உடல் மெலிந்த பசுக்களுக்குக் குளம்பு மெத்தையும் மெலிந்திருக்கிறது என்பதையும், மெத்தை மெலிந்தவற்றுக்கே அடிக்குளம்புப் புண் மிகுதி என்பதையும் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். மெத்தை இல்லாத இடத்தில் சிமென்ட் தரையின் கடுமை நேரே எலும்புக்குப் போகிறது. எலும்பு இறங்கி உயிர்த்திசுவை நசுக்குகிறது. வாரங்கள் கழித்துப் புண் அடியில் வெளிப்படுகிறது. நல்ல படுக்கை கிடைத்தால் பசு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அளவில் படுத்திருக்கும். படுக்கை கெட்டியாகவோ ஈரமாகவோ இருந்தால் அந்த நேரத்தில் ஒரு பகுதியும் நின்றே கழியும். ஆக, தரை, படுக்கை, தீவனம், கறவையின் அளவு, மரபு எல்லாம் சேர்ந்து ஒரு நொண்டலை உண்டாக்குகின்றன.

இவற்றில் மரபின் பங்கு சிறியது. மந்தைக்குள் பசுவுக்குப் பசு காணும் பாலளவு வேறுபாட்டில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு மரபு சார்ந்தது என்றால், பெரும்பாலான குளம்புநோய்களில் அது பத்து விழுக்காட்டைச் சுற்றியோ அதற்கும் கீழோ நிற்கிறது. ஆனால் சிறியது என்றால் இல்லை என்றாகாது. நார்வே 1975-இல் நாடளாவிய கால்நடை நோய்ப்பதிவைத் தொடங்கி, 1978-இலிருந்து மடிநோய் எதிர்ப்பைப் பொலிகாளைத் தேர்வில் சேர்த்துக்கொண்டது. மடிநோயின் மரபுப் பங்கும் மிகச் சிறியதே. ஆயினும் பல்லாயிரம் மகள்களின் பதிவுகளைக் கொண்டு காளைகளை மதிப்பிட்டதால், நார்வே சிவப்பினப் பசுக்களின் மடிநோய் மரபுநிலை தலைமுறைக்குத் தலைமுறை மேம்பட்டது. குளம்புக்கும் இதே வழிதான். வேண்டியது பதிவு.

அந்தப் பதிவைத் தருபவர்கள் குளம்பு சீவும் தொழிலாளர்கள். ஒவ்வொரு காலையும் தூக்கிக் கட்டி, வளர்ந்த குளம்பைச் சீவி, அடியில் புண்ணோ பிளவோ இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஒருவர் புண் என்பதை இன்னொருவர் கீறல் என்று எழுதினால் கணக்கு பாழ். ஆகவே கால்நடைப் பதிவுக்கான பன்னாட்டு அமைப்பு 2015-இல் குளம்புநோய்களுக்கான படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, பெயர்களை ஒழுங்குபடுத்தியது. டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து மூன்றும் கூட்டாகவும், நெதர்லாந்து தனியாகவும், பின்னர் கனடாவும் பிரிட்டனும் குளம்பு நலத்துக்கான மரபு மதிப்பெண்களைப் பொலிகாளைகளுக்கு வழங்கத் தொடங்கின. அமெரிக்காவில் 2018-இல் ஆறு நோய்களுக்கு மரபு மதிப்பீடு அறிமுகமானபோது அந்தப் பட்டியலில் குளம்புநோய் இல்லை. வெளியிலிருந்து காலின் வடிவத்தையும் குளம்பின் கோணத்தையும் பார்த்து மதிப்பெண் இடும் பழக்கம் அங்கே நெடுநாளாக இருந்தது. புண்ணோ குளம்பின் அடியில் இருக்கிறது.

2001-இல் மோவிசன், ஹேய்ஸ், கோடார்டு மூவரும் முன்வைத்த மரபணுத்தொகைத் தேர்வு இந்த வேலையின் வேகத்தையே மாற்றியது. மகள்கள் கறவைக்கு வரும்வரை காத்திராமல், பிறந்த கன்றின் டி.என்.ஏ-வைக் கொண்டே அதன் மதிப்பைக் கணிக்கலாம். 2009-இல் அமெரிக்காவில் இது அதிகாரபூர்வமானது. இன்று ஒரு காளையின் சினை ஊசி பல நாடுகளில் லட்சக்கணக்கான மகள்களை உண்டாக்க முடியும். ஒரு கூட்டத்தில் எடுக்கும் முடிவு ஓர் இனத்தின் உடலமைப்பாகிறது. அறக்கேள்வி கனம் பெறுவது இந்த இடத்தில்தான்.

சமய மரபுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று தேடினால், முதலில் கண்ணில்படுவது படைப்பை மாற்றுவது குறித்த அச்சம். எபிரேய மறைநூலின் லேவியராகமம் இரு வேறு வகை விலங்குகளை இணைசேர்ப்பதைத் தடுக்கிறது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம், கால்நடைகளின் காதுகளை அறுப்பதையும் இறைவனின் படைப்பை மாற்றுவதையும் சைத்தானின் தூண்டுதலாகச் சொல்கிறது. காயடித்தல் தகுமா என்ற விவாதத்தில் உரையாசிரியர்கள் இவ்வசனத்தை எடுத்தாண்டிருக்கிறார்கள். மறுபக்கம், ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மாமன் மந்தையிலிருந்து புள்ளியும் வரியும் உள்ள ஆடுகளைப் பெருக்கி, வலுவானவற்றைத் தன் பங்காக்கிக்கொள்கிறான். நூல் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரே வகைக்குள் தேர்ந்தெடுப்பதைப் பெரும்பாலான மரபுகள் மேய்ப்பனின் வழக்கமான வேலையாகவே ஏற்றிருக்கின்றன. குளம்பு நலத்துக்கான தேர்வு அத்தகையதே. புதிய உயிரினம் எதுவும் உண்டாவதில்லை.

இந்த மரபுகள் விலங்கின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதைவிட அதன் மேல் ஏற்றப்படும் பாரத்தைப் பற்றிப் பேசுவது அதிகம். யூத ஓய்வுநாள் கட்டளை மாட்டுக்கும் ஓய்வு தரச் சொல்கிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்பது அவர்களின் மற்றொரு விதி. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு நேரும் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொலை என்ற சொல்லின் எல்லைக்கு வெகு முன்பே கொடுமை தொடங்கிவிடுகிறது என்பதை இந்தப் பட்டியல் அறிந்திருக்கிறது. அதை எழுதியவர்கள் மனத்தில் முதுகில் ஏற்றும் மூட்டை இருந்திருக்கும். உடலுக்குள்ளேயே, பிறப்பதற்கு முன்பே, மரபின் வழியாக ஏற்றப்படும் சுமை அவர்கள் காணாதது. அமெரிக்காவில் ஒரு பசுவின் சராசரி ஆண்டுக் கறவை 1950-இல் ஏறத்தாழ 2,400 கிலோ. இன்று 10,000 கிலோவுக்கு மேல். இதில் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் பெரும் பங்கு உண்டு. மரபுத் தேர்வின் பங்கும் பெரிது. கறவை கூடக் கூட நோய்களும் கூடும் போக்கு மரபிலேயே பிணைந்திருக்கிறது. உயர்கறவைக்கான நீண்டகாலத் தேர்வே கறவைப் பசுக்களின் நலக்கேட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் அறிவித்தது. அளவுக்கு மீறிய சுமை என்ற பழைய குற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான இன்றைய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மெய்யியலாளர்கள் எழுப்பும் முதல் கேள்வி பசுவின் இயல்பு எது என்பது. ஒவ்வோர் உயிருக்கும் அதற்கே உரிய நோக்கும் வாழ்முறையும் உண்டு என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை அமெரிக்க மெய்யியலாளர் பெர்னார்டு ரோலின் விலங்கறத்துக்குக் கொண்டுவந்தார். பசுவுக்கு மேய வேண்டும், நடக்க வேண்டும், அசைபோட்டுப் படுக்க வேண்டும்; அவற்றைத் தடுப்பது அதன் இயல்புக்கு எதிரானது. ஆனால் அந்த இயல்பையே மாற்றுவது தவறா? 1995-இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொன்ன விடை எதிர்பாராதது. இயல்பு புனிதமானதன்று, மாற்றப்பட்ட விலங்கு, அது தோன்றிய மூல இனத்தைவிடத் துன்பமான நிலைக்குப் போகக்கூடாது என்பதே விதி. மாடுகளைப் பொறுத்தவரை மாறாத இயல்பு என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வது எப்படியும் கடினம். அவற்றின் மூதாதையான காட்டெருது இனத்தின் கடைசிப் பசு 1627-இல் போலந்தில் இறந்துவிட்டது. எஞ்சியவை யாவும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளாக மனிதர் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை.

ரோலினின் விதியைக் குளம்புத் தேர்வு எளிதாகத் தாண்டிவிடும். மகளின் குளம்பு தாயின் குளம்பைவிட நன்றாக இருக்கும், அவ்வளவே கேட்கப்படுகிறது. விதியின் பலவீனமும் இங்கேதான். மூல இனம் எது? சென்ற ஆண்டு மந்தையா, 1950-இன் மந்தையா? எழுபது ஆண்டுகளில் தேர்வே கெடுத்ததைத் தேர்வே சிறிது திருத்தும்போது, கடைசிப் படியை மட்டும் அளந்தால் எல்லாம் முன்னேற்றமாகத் தெரியும்.

குருட்டுக் கோழிகளின் கதை இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். பிறவியிலேயே பார்வையற்ற கோழிகள் நெரிசலான கூண்டில் பார்வையுள்ளவற்றைவிடக் குறைந்த இன்னலோடு இருப்பதாக ஆய்வுகள் உண்டு. அப்படியானால் கோழிகளைக் குருடாகவே இனவிருத்தி செய்யலாமே? பால் தாம்ப்சன் என்ற அறவியலாளர் 2008-இல் இதை ஒரு புதிராக வைத்தார்: துன்பத்தை மட்டும் கணக்கிட்டால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்பவர் அநேகமாக எல்லாருக்கும் அது அருவருப்பாகப் படுகிறது. அடுத்த ஆண்டே, வலியின் வேதனையை உணராத விலங்குகளை உருவாக்கலாம் என்று ஆடம் ஷ்ரைவர் என்ற மெய்யியலாளர் வாதிட்டார். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ருட்கர்ஸ், ஹேகர் ஆகியோர் இத்தகைய மாற்றங்களுக்கு எதிராக விலங்கின் முழுமை என்ற அளவுகோலை முன்வைத்தனர்: உடல் குறைபடாமலும் அதன் இனத்துக்குரிய சமநிலையோடும் இருக்க வேண்டும், தனக்கேற்ற சூழலில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் திறனும் வேண்டும். சுவிட்சர்லாந்து 1992-இல் உயிரினங்களின் கண்ணியம் என்ற கருத்தை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. அந்நாட்டில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வலி இல்லாவிட்டாலும் விலங்கின் தோற்றத்தையோ திறன்களையோ ஆழமாக மாற்றுவதும், அதை அளவுமீறிக் கருவியாக்குவதும் கண்ணியக் கேடாகலாம்.

வலுவான குளம்புள்ள பசு குருட்டுக் கோழியைப் போன்றதன்று. அது எதையும் இழப்பதில்லை. நடை என்ற திறனைத் திரும்பப் பெறுகிறது. முழுமை என்ற அளவுகோலில் பார்த்தால் இது திருத்தமே. ஆனால் வேறுபாடு எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து நழுவிவிடக்கூடும். பசு இரையாகும் இனம். பலவீனத்தை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் தற்காப்பு. வழியில் நடக்கவிட்டு, முதுகு வளைகிறதா, தலை ஆடுகிறதா என்று பார்த்து நொண்டலுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தலைமுறைகள்தோறும் தேர்ந்தெடுத்தால், புண் வராத பசுவும் தேறும், புண் வந்தும் காட்டிக்கொள்ளாத பசுவும் தேறும். இரண்டையும் பிரிக்க அந்த முறையில் வழி இல்லை. யாரும் விரும்பாமலேயே குருட்டுக் கோழியை உருவாக்கும் பாதை அது. குளம்பைத் தூக்கிப் பார்த்துப் புண்ணையே பதிவு செய்யும் முறை செலவு மிக்கது, மெதுவானது. அறத்தின் நோக்கில் அதற்கு நிகரானது வேறில்லை. அளவீட்டுத் தொழில்நுட்பத்தின் சிறு முடிவு ஒன்று இவ்வளவு பெரிய அறவேறுபாட்டைச் சுமப்பதை இந்தத் துறையின் நூல்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

அடுத்த கேள்வி, கிடைக்கும் நலம் யாருக்குப் போகிறது என்பது. பொலிகாளைகளைத் தேர்ந்தெடுக்கும் மொத்தக் குறியீட்டில் பால், கொழுப்பு, புரதம், சினைப்பிடிப்பு, மடி நலம், குளம்பு நலம் ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. அந்த எடைகளைப் பெரும்பாலும் பணக்கணக்கே தீர்மானிக்கிறது. நொண்டலால் மருத்துவச் செலவு, பாலிழப்பு, தாமதமாகும் சினை, முன்கூட்டியே கழித்தல் ஆகியவை நேர்கின்றன. அவற்றின் விலை குறியீட்டில் ஏறுகிறது. பசுவின் வலி தனியாக ஏறுவதில்லை. பணத்தை வலிக்கு ஓரளவு நல்ல பதிலியாகக் கொள்ளலாம், ஏனென்றால் கடும் நொண்டல் செலவு மிக்கது. இலேசான, நாட்பட்ட நொண்டல் செலவு குறைவு. அது குறியீட்டின் கண்ணில் அநேகமாகப் படாது. சந்தை விலையில்லாத மதிப்புகளையும் இனவிருத்தி இலக்கில் சேர்க்க வேண்டும் என்று ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் வாதிடுவது இதனால்தான்.

குளம்பு வலுத்தபின் என்ன நடக்கும் என்பதும் இதில் அடங்கும். அதே சிமென்ட் தரையில், அதே சாணக் குழம்பில், மேலும் கொஞ்சம் அதிகம் கறக்கும் பசு நிற்கலாம்; நொண்டல் விழுக்காடு பழையபடியே இருக்கும், கறவை மட்டும் ஏறியிருக்கும். மாட்டுக்கு லாடம் அடித்துவிட்டு வண்டியில் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றுவதற்கு ஒப்பானது அது. தாங்கும் திறனைக் கூட்டுவது தன்னளவில் நல்லதே. கூடிய திறனை உடனே சுமையால் நிரப்பிவிட்டால், விலங்குக்குச் செய்த உதவி என்று அதைச் சொல்ல இடமில்லை. தேர்வு அறமாகிறதா என்பதைக் குளம்பு மதிப்பெண் ஒன்றைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. கறவைக்கும் குளம்புக்கும் குறியீட்டில் உள்ள எடைகளின் விகிதத்தையும், கொட்டகையின் தரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பண்ணை விலங்கு நெறிமுறையின் பின்னிணைப்பு இதே திசையில் பேசுகிறது: மரபமைப்பையோ வெளித்தோற்றத்தையோ கொண்டு பார்க்கும்போது, நலக்கேடு இன்றி வளர்க்க முடியும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலங்குகளையே பண்ணையில் வைக்கலாம். எந்த அளவு நொண்டல் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கும் என்று நெறிமுறை சொல்வதில்லை.

தெரியாமையின் அறமும் ஒன்று உண்டு. 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லின்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளையின் வாரிசுகள் உலகெங்கும் பரவின. அதன் மரபு தந்த கூடுதல் பாலின் மதிப்பு பல ஆயிரம் கோடி டாலர். அதே காளை ஏ.பி.ஏ.எஃப்.1 என்ற மரபணுவில் ஒரு பிழையையும் விட்டுச்சென்றது. இரு பக்கமும் அப்பிழையைப் பெற்ற கரு வயிற்றிலேயே அழியும். உலக அளவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கருச்சிதைவுகளுக்கு அது காரணமானது என்று 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிழை பல பத்தாண்டுகள் தெரியாமலே இருந்தது. குளம்புக்காக ஒரு சில காளைகளின் மேல் எல்லாரும் விழுந்தால் அதே கதை வேறு மரபணுவில் நடக்கலாம். சிறந்த ஒன்றைத் தேடி எல்லாப் பண்ணைகளும் அதையே வாங்குவது இத்தொழிலின் பழைய நோய்.

மரபணுத் திருத்தம் இதற்குக் குறுக்குவழி ஆகுமா என்ற பேச்சும் எழுகிறது. குளம்பிடைச் சதைவளர்ச்சிக்கு ஆர்.ஓ.ஆர்.2 என்ற மரபணுவோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அடிக்குளம்புப் புண், குளம்புத்தோல் அழற்சி போன்ற பெரும்பாலான கோளாறுகளிலோ நூற்றுக்கணக்கான மரபிடங்கள் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கின்றன. திருத்துவதற்கு ஒரு புள்ளி கிடைப்பதில்லை. கொம்பில்லாத கன்றுகளுக்காகத் திருத்தப்பட்ட மாடுகளில் பாக்டீரியாவின் டி.என்.ஏ துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து ஆணையத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் கண்டறிந்தனர். கருவி எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை: விலங்கு எதை இழக்கிறது, எது அளக்கப்படுகிறது, கிடைத்த நலத்தை யார் எடுத்துக்கொள்கிறார்.

கடைசியாக, ஆங்கில மெய்யியலாளர் டெரிக் பார்ஃபிட் 1984-இல் எழுப்பிய அடையாளச் சிக்கல். எதிர்காலத் தலைமுறைகள் குறித்து அவர் எழுப்பிய அந்தச் சிக்கல் மாட்டு இனவிருத்திக்கும் பொருந்தும். வேறு காளையின் சினை ஊசியைப் போட்டால் பிறப்பது வேறு கன்று. நொண்டியிருக்க வேண்டிய ஒரு பசு நொண்டாமல் காப்பாற்றப்பட்டது என்று சொல்ல முடியாது. அந்தப் பசு பிறக்கவே இல்லை, அதன் இடத்தில் இன்னொன்று பிறந்தது. இனவிருத்தி எந்தத் தனிப் பசுவுக்கும் நன்மை செய்வதில்லை, துன்பம் குறைந்த ஒரு மந்தையை உருவாக்குகிறது. அதுவும் மதிப்புள்ளதே. ஆனால் இரக்கம், கடன், நன்றி போன்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கும் ஓர் உயிரை நோக்கியவை. இனவிருத்தியில் அவற்றுக்கு நேரடி இடமில்லை. இன்று தேர்ந்தெடுக்கும் காளையின் மகள்கள் கறவைக்கு வர ஏறத்தாழ மூன்றாண்டு ஆகும். அதுவரை கொட்டகையில் நிற்கும் பசுக்களுக்கு உரியவை வேறு: வேளாவேளைக்குக் குளம்பு சீவுதல், புண்ணுள்ள குளம்பின் பாரம் குறைய மற்றதன் அடியில் கட்டை ஒட்டுதல், வலிமருந்து, ரப்பர் விரிப்பு, மணல் படுக்கை, மேய்ச்சல்.